இரண்டு குட்டி ஹாரன்

டிப்போவில் அவருக்கு மௌனசாமி என்று பெயர். அந்தப் பெயரைச் சூட்டிய புண்ணியவான் அவருடைய பஸ்ஸின் கண்டக்டர். பதினோரு வருடமாக இருவரும் ஒரே வண்டியில் ஓடுகிறார்கள். கண்டக்டருக்கு வாய் ஓயாது. ஏறுகிற ஆளிடம் ஆரம்பித்த கதை அவர் இறங்குவதற்குள் முடியாவிட்டால், மிச்சத்தை அடுத்து ஏறுகிறவரிடம் சொல்லுவார். டிரைவருக்கோ நாளைக்குப் பத்து வார்த்தை போதும். அதிலும் இரண்டு மூன்று மிஞ்சிவிடும். ஹாரனைக்கூட அவர் சும்மா தொடமாட்டார்.

"நம்ம வண்டியில எல்லாம் தேஞ்சு போச்சு சாமி, ஹாரன் மட்டும் வாங்கினப்ப இருந்த மாதிரியே இருக்கு" என்பார் கண்டக்டர்.

அப்படிப்பட்டவர் நாளுக்கு ஒரு தடவை ஹாரன் அடிப்பார். பகல் இரண்டு மணிக்கு அவருக்குக் கடைசி நடை. வீட்டு முனை நிறுத்தத்துக்கு முந்தைய திருப்பத்தில் இரண்டு குட்டி ஹாரன். திருப்பத்துக்கும் நிறுத்தத்துக்கும் நடுவில் ஒரு சிக்னல் உண்டு. அதைத் தாண்டிப் பஸ் வந்து நிற்கும்போது அவர் மனைவியும், மூன்று வயது மகள் சுண்டுவும் இரண்டாம் மாடி வீட்டிலிருந்து இறங்கி வந்து கீழே நின்றுகொண்டிருப்பார்கள். இருவரும் ஏறி முதல் இருக்கையில் உட்கார்ந்து, நாலு நிறுத்தம் தள்ளி டிப்போவரை வருவார்கள். வண்டியை ஒப்படைத்துவிட்டு மூவரும் நடந்தே வீடு திரும்புவார்கள். வழி முழுக்கச் சுண்டு பேசும். அவர் கேட்டுக்கொண்டே வருவார். அவர் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து மகள் பேசுகிறது என்று மனைவி சொல்வது வழக்கம்.

இந்த ஏற்பாட்டுக்கு நடுவில்தான் பள்ளிக்கூடம் வந்தது.

மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது. சுண்டு பிறந்ததும் விட்டிருந்தாள். கடைக்காரர் மூன்று வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி வரைக்கும் உன் நாற்காலி காலியா இருக்கும்மா. அதுக்கு மேல என்னால முடியாது" என்று சொல்லியிருந்தார். அவள் அந்த நாற்காலியைப் பற்றி வீட்டில் அதிகம் பேசவில்லை. ஆனால் பாத்திரம் கழுவி முடித்ததும் கண்ணாடி டம்ளர்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். அதை அவர் கவனித்திருந்தார். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

பள்ளி பஸ் போகிற பாதையிலேயே இருந்தது. மஞ்சள் கம்பி வேலி, உள்ளே மணல், மூன்று சைக்கிள், ஒரு சறுக்கு. இடம் கிடைப்பதுதான் குதிரைக் கொம்பு. பெரிய டீச்சர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சொன்னார்: "ரெண்டு வாரம் சேர்த்துப் பாப்போம். பத்து நாள். அழுதா பரவாயில்ல, எல்லாப் பிள்ளையும் அழும். ஆனா பத்தாவது நாளும் அடங்காம அழுதா, இன்னும் நேரம் வரலைன்னு அர்த்தம். அந்த இடத்துக்கு ஏழு பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்கு. ஆறு மாசம் கழிச்சுத்தான் மறுபடி பாக்க முடியும்."

ஆறு மாதம் என்றதும் மனைவி அவரைப் பார்த்தாள். அவர் வேலியைப் பார்த்தார்.

டீச்சர் ஒரு தாளும் கொடுத்தார். முதல் நாட்களில் வீட்டார் எதிர்பார்க்க வேண்டியவை என்று அச்சடித்திருந்தது. பிள்ளை வீட்டுக்கு வந்ததும் தூங்கி விழும். சாப்பாடு குறையும். நன்றாக இருந்த பழக்கங்கள் சில பின்னுக்குப் போகும். சொல்லாமல் நழுவிப் போகாதீர்கள், சொல்லிவிட்டுச் சட்டென்று கிளம்புங்கள், திரும்பிப் பார்க்காதீர்கள். கடைசியில் ஒரு வரி: பிள்ளைக்கு மிகவும் பழக்கமான ஒன்றை வீட்டிலிருந்து கொடுத்தனுப்புங்கள், அது துணையாக இருக்கும்.

டிரைவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். புதுப் பாதையில் ஓட்டப் போகும்போது நிறுத்தங்களின் பட்டியலை அப்படித்தான் வைத்துக்கொள்வார்.

முதல் நாள், திங்கட்கிழமை, பெற்றவர்களும் உள்ளே உட்காரலாம். இருவரும் போனார்கள். முழங்கால் உயர நாற்காலியில் டிரைவர் உட்கார்ந்தபோது அவர் முட்டி காதைத் தொட்டது. சுண்டு மணலைப் பார்த்தது, சைக்கிளைப் பார்த்தது, பெற்றவர்களை மறந்தது. "பாத்தீங்களா, இதுக்குப் போயா பயந்தோம்" என்றாள் மனைவி.

செவ்வாய்க்கிழமை மனைவி மட்டும் கொண்டுபோய் விட்டாள். கையில் சுண்டுவின் பழைய தலையணை உறை. அது இல்லாமல் சுண்டு தூங்காது. அதைத்தான் துணைக்குக் கொடுத்தாள். வாசலில் டாட்டா சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாளாம். பார்க்காமல் வந்ததில் கழுத்து வலித்ததாம்.

அன்று காலை ஒன்பது இருபதுக்கு டிரைவர் அந்த வேலியருகே வந்தார். ஸ்டியரிங்கில் இருந்த கை தானாக நகர்ந்தது. தலையணை உறை தாயிடமிருந்து. தகப்பனிடமிருந்து என்ன? அவருக்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

இரண்டு குட்டி ஹாரன்.

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். "சாமி! என்ன இது? ரோட்டுல ஈ காக்கா இல்லையே!"

"உள்ள சுண்டு இருக்கா."

"அட!" கண்டக்டருக்கு முகமெல்லாம் பல். "அப்பன் இங்கதான் இருக்கேன்னு சொல்றியா? வாயத் தொறந்து ஒரு வார்த்தை வராது, ஆனா பாசம் மட்டும் ஹாரன் வழியா கொட்டுது பாரு." பிறகு பின்னால் திரும்பிப் பஸ் முழுவதற்கும் அறிவித்தார்: "ஒண்ணுமில்லீங்க, நம்ம டிரைவர் பொண்ணு இன்னிக்குப் பள்ளிக்கூடம் சேர்ந்திருக்கு!" யாரோ கை தட்டினார்கள். டிரைவரின் காது மடல் சிவந்தது.

ஐம்பது நிமிடத்துக்கு ஒரு சுற்று. பள்ளி முடியும் பன்னிரண்டரைக்குள் நாலு தடவை அந்த வேலியைக் கடக்க வேண்டும். நாலு தடவையும் அடித்தார். மனைவியிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றல்ல. சொல்லுகிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தார்.

அன்று சுண்டு தொண்டை கட்டி வீட்டுக்கு வந்தது.

"நல்லாத்தான் விளையாடினாளாம்" என்றாள் மனைவி, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு. "திடீர்னு எழுந்து போய் வாசல்ல நின்னுக்கிட்டாளாம். கூப்பிட்டா வரலையாம். கொஞ்ச நேரம் கழிச்சு அழுகைன்னா அழுகை, ஊரையே கூட்டிட்டாளாம். சமாதானப்படுத்தி உட்கார வெச்சா, மறுபடி அதே கதை. நாலு தடவை."

டிரைவர் தாளை எடுத்துப் பார்த்தார். அழும் என்று போட்டிருந்தது.

புதன்கிழமையும் நாலு தடவை. வியாழக்கிழமையும் நாலு தடவை. "கடிகாரம் வெச்சு அழற பிள்ளைய நான் பாத்ததே இல்லைங்கறாங்க சின்ன டீச்சர்" என்று மனைவி சொன்னாள். சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. அன்று அவள் கண்ணாடி டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் அப்படியே கவிழ்த்து வைத்தாள். அதையும் அவர் கவனித்தார். ஒருவேளை பஸ் சத்தத்தில் ஹாரன் பிள்ளைக்குச் சரியாகக் கேட்கவில்லையோ? அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார் என்று தெரியாமல்தான் அழுகிறதோ?

வெள்ளிக்கிழமை கொஞ்சம் அழுத்தியே அடித்தார்.

அடுத்த திங்கள் மத்தியானம் பெரிய டீச்சர் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னும் நாலு நாள்தான் இருக்கு. நாளைக்கு வீட்டிலிருந்து யாராவது ஒருத்தர் வெளி நடையில உட்காருங்க. பிள்ளை கண்ணுல படாம. எதனால இப்படின்னு நீங்களே பாருங்க, எனக்குப் பிடிபடல."

நாளைக்கு மனைவி கடைக்குப் போயாக வேண்டும். புது இயந்திரம் வந்திருந்தது. அதை ஓட்டிக் காட்டுகிறவர் அன்று மட்டும்தான் வருகிறார்.

"நான் போறேன்" என்றார் டிரைவர். அன்றைய பத்து வார்த்தையில் இரண்டு அப்படிப் போனது.

வேறொரு டிரைவரிடம் வேலையை மாற்றிக்கொண்டு, கண்டக்டரிடம் விவரம் சொன்னார். கண்டக்டர் அவர் தோளைத் தட்டினார். "நீ நிம்மதியாப் போ. இங்க நடக்கிறத நான் பாத்துக்கறேன். ஒண்ணும் குறையாது."

என்ன குறையாது என்று டிரைவர் கேட்டிருக்கலாம். கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவர் நடையில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். எதிரே பிள்ளைகளின் ஷூக்கள் வைக்கும் அலமாரி. முப்பது ஜோடி, ஒவ்வொன்றும் ஒரு சோப்புக் கட்டி அளவு. பக்கத்தில் கதவு, கதவின் மேல் பாதி கண்ணாடி. எட்டிப் பார்த்தால் சுண்டுவின் முதுகு தெரிந்தது. ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது.

ஒன்பது இருபதுக்கு அவருடைய பஸ் ஹாரன் இல்லாமல் வெளியே போனது. பத்து பத்துக்கும் போனது. சத்தத்தை வைத்தே சொல்லிவிட்டார், மாற்று டிரைவர் கியரை அவசரமாகப் போடுகிறார். சுண்டு ஊற்றியது, கொட்டியது, பக்கத்துப் பிள்ளையின் கிண்ணத்தைப் பிடுங்கியது, திருப்பிக் கொடுத்தது. அழவில்லை.

பெரிய டீச்சர் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன அதிசயம்! நீங்க வந்த நேரம்னு நினைக்கிறேன்."

டிரைவருக்குப் பெருமையாக இருந்தது. உள்ளுக்குள் ஏதோ இடறவும் செய்தது. ஹாரன் இல்லை. அழுகையும் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சேர்த்துப் பார்க்க மனம் வரவில்லை.

"ஒண்ணு கவனிச்சீங்களா?" டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்கு ரோடே அமைதியா இருக்கு. எந்தப் புண்ணியவானோ தெரியல, ஒரு பஸ் டிரைவர், ஒரு வாரமா சரியா நம்ம வேலிகிட்ட வந்ததும் ஹாரன் அடிச்சுட்டுப் போறாரு. டிப்போவுக்கு எழுதிப் போடலாம்னு இருக்கேன்."

டிரைவர் தன் ஷூவின் முனையைப் பார்த்தார்.

மணி பதினொன்று. பஸ் வருகிற சத்தம். வேலியருகே வந்ததும் இரண்டு ஹாரன். குட்டி ஹாரன் இல்லை, கல்யாண வீட்டு ஹாரன். பின்னாலேயே கண்டக்டரின் குரல், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு, "இன்னொண்ணு அடிங்க தம்பி, நம்ம பிள்ளை!" மாற்று டிரைவரைச் சம்மதிக்கவைக்க அவருக்கு இரண்டு சுற்று பிடித்திருக்கிறது.

உள்ளே கிண்ணத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. சுண்டு நடைக்கு வந்தது. அலமாரியில் தன் சிவப்பு ஷூவை எடுத்தது. அவர் காலடியிலேயே தரையில் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, இடது காலை நுழைத்து, பட்டையை இழுத்து ஒட்டியது. பிறகு வலது கால்.

டிரைவர் குனிந்து பார்த்தார். மூன்று வருடத்தில் அவர் இதைப் பார்த்ததே இல்லை. அவர் ஹாரன் அடிக்கிற நேரத்தில் இரண்டு மாடிக்கு மேலே வீட்டில் என்ன நடக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் பார்த்ததெல்லாம், ஷூ போட்டுத் தயாராக நிறுத்தத்தில் நிற்கிற சுண்டுவைத்தான்.

சுண்டு நிமிர்ந்தது. அவரைப் பார்த்தது. ஆச்சரியமே படவில்லை.

"அப்பா, எழுந்திருங்க. அப்பா வந்துட்டாரு. போலாம்."

சொன்ன பிறகுதான் அதற்கே ஏதோ உதைத்தது. வாசலைப் பார்த்தது. அவரைப் பார்த்தது.

"நீங்க இங்க இருக்கீங்க. அப்ப பஸ்ஸ யாரு ஓட்டுறா?"

"வேற ஒரு மாமா."

"அந்த மாமா எதுக்கு என்னைக் கூப்பிட்டாரு?"

அவர் கண் அதன் சிவப்பு ஷூவின் மேல் போனது.

"நேத்தும் கூப்பிட்டீங்க. நான் ஷூ போட்டுட்டு வந்தேன். நீங்க நிக்காமப் போய்ட்டீங்க." சுண்டுவின் உதடு பிதுங்க ஆரம்பித்தது. "தினம் கூப்பிடறீங்க. தினம் போய்டறீங்க."

டிரைவர் பெஞ்சிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். பஸ்ஸின் சக்கரம் ஏறியது போலிருந்தது நெஞ்சில். நிறுத்தத்தில் ஆள் நிற்கும்போது நிறுத்தாமல் போவதை அவர் பதினோரு வருடத்தில் ஒருநாள்கூடச் செய்ததில்லை. அப்படிப் போகிற டிரைவர்களை அவருக்குப் பிடிக்காது. சொந்த மகளை இருபது தடவை விட்டுவிட்டுப் போயிருக்கிறார், அதுவும் ஹாரன் அடித்து வரச் சொல்லிவிட்டு.

பின்னால் பெரிய டீச்சர் நின்றிருந்தார். எல்லாம் கேட்டுவிட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

இப்போது பேசித்தான் ஆக வேண்டும். வேறு யாரும் அவருக்காகப் பேச முடியாது. வார்த்தைகளைத் தேடினார். சுண்டு காத்திருந்தது, அவருடைய மௌனம் அதற்குப் பழக்கம்தான்.

"தப்பு என்மேலதான்" என்றார் கடைசியில். "நான் உன்னைக் கூப்பிடல. 'அப்பா போறேன்'னு சொன்னேன். ஆனா நமக்குள்ள அதுக்கு 'வா'ன்னுதானே அர்த்தம். எனக்குத் தோணல."

சுண்டு யோசித்தது.

"இனிமே இங்க ஹாரன் கிடையாது. வீட்டு முனையில மட்டும்தான். இங்க வந்தா உன் வேலைய நீ பாக்கணும். என் வேலைய நான் பாக்கணும்." கொஞ்சம் நிறுத்தினார். "எதிர்ல இன்னொரு பஸ் வந்தா நாங்க டிரைவருங்க என்ன பண்ணுவோம் தெரியுமா? ஹாரன் அடிக்க மாட்டோம். நிறுத்திப் பேசவும் மாட்டோம்."

"அப்புறம்?"

உள்ளங்கையை ஸ்டியரிங்மேல் வைத்தது போல் வைத்து, நாலு விரலை மட்டும் தூக்கிக் காட்டினார். "இவ்வளவுதான். பாத்துட்டேன், நல்லா ஓட்டு, நானும் ஓட்டுறேன்னு அர்த்தம். அப்புறம் அவங்க வழியில அவங்க, நம்ம வழியில நாம."

சுண்டு நாலு விரலைத் தூக்கிப் பார்த்தது. கட்டை விரலும் சேர்ந்து வந்தது. அதை மற்றக் கையால் பிடித்து அமுக்கியது.

"எனக்கு பஸ் இல்லையே?"

"சைக்கிள் இருக்கில்ல."

அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். சுண்டு ஷூவைக் கழற்றியது. இடம் வலம் மாற்றி அலமாரியில் வைத்துவிட்டு, தண்ணீர்க் கிண்ணத்தை யாராவது எடுத்துவிடப் போகிறார்கள் என்று உள்ளே ஓடியது.

நடையில் டிரைவரும் டீச்சரும் மட்டும்.

"இருபது தடவை" என்றார் டீச்சர், நிதானமாக. "இருபது தடவை அந்த ஷூவ நான் கழட்டியிருக்கேன். குனிஞ்சு குனிஞ்சு என் இடுப்பு போச்சு. அந்தப் புண்ணியவான் நீங்கதானா?"

"நான்தான்." பிறகு, தயங்கி, சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துக் கடைசி வரியில் விரலை வைத்தார். "பழக்கமான ஒண்ணு குடுத்தனுப்பச் சொல்லியிருந்தீங்க."

பெரிய டீச்சர் தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்க ரொம்ப நேரமாயிற்று.

வீட்டில் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. மனைவி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஒரு வாரமா அந்த டீச்சர் முன்னாடி குற்றவாளி மாதிரி நின்னிருக்கேன். பிள்ளைக்குக் கண்ணு பட்டுடுச்சா, நான் வேலைக்குப் போறதே தப்பான்னு என்னென்னவோ நினைச்சுக்கிட்டேன். நீங்க ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, 'அந்தப் பக்கம் போறப்ப ஹாரன் அடிக்கறேன்'னு சொல்லியிருந்தா அன்னிக்கே கண்டுபிடிச்சிருப்பேன். ஹாரன் கேட்டா இவ ஷூவைத்தான் தேடுவான்னு எனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியாது" என்றார் அவர். "நான் பாத்ததில்ல."

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். இடுப்பிலிருந்த கை இறங்கியது. அவர் அருகில் உட்கார்ந்து, ஹாரன் கேட்டதும் சுண்டு என்னென்ன செய்யும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு ஓடும், முதலில் இடது கால்தான், படியில் கையைப் பிடித்தால் பிடிக்காது. அவர் கேட்டார். வழியில் எத்தனையோ கேட்டிருக்கிறார், இது புதிது.

புதன், வியாழன், சத்தமில்லாமல் கடந்தார். கை ஹாரன் பக்கம் போகும். திருப்பிக் கொண்டுவந்து ஸ்டியரிங்கில் வைப்பார். கண்டக்டர் குற்ற உணர்வில் இரண்டு நாள் அரைப் பேச்சுதான் பேசினார். அதுவே மற்றவர்களின் முழுப் பேச்சு அளவுக்கு இருந்தது. மத்தியானம் மனைவி சொல்லுவாள்: "இன்னிக்கு அழலையாம்." அவ்வளவுதான். அவளும் அதிகம் பேசப் பயந்தாள், சொன்னால் கலைந்துவிடும் என்பது போல.

வெள்ளிக்கிழமை, பத்தாவது நாள். பதினொரு மணிச் சுற்றில் வேலிக்குச் சற்று முன்னால் ஒரு தண்ணீர் லாரி வழியை மறித்து நின்றது. பஸ் ஊர்ந்தது. மணலில் பிள்ளைகள் கூட்டம். இரண்டு மூன்று பேர் வேலியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸைப் பார்த்துக் கத்தினார்கள். அதில் சுண்டு இல்லை. அவர் தேடினார். சறுக்கில் இல்லை. மணலில் இல்லை.

சறுக்கின் பின்னாலிருந்து சிவப்பு ஷூ தெரிந்தது. மூன்று சக்கர சைக்கிளில், பின்னால் ஒரு பையனை நிற்க வைத்துக்கொண்டு, சுண்டு வந்துகொண்டிருந்தது. உதட்டைக் குவித்து எஞ்சின் சத்தம் வேறு. பஸ்ஸைப் பார்த்தது. நிறுத்தவில்லை. வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. கைப்பிடியிலிருந்து நாலு விரலை மட்டும் தூக்கியது. கட்டை விரல் அதன் இடத்தில் இருந்தது.

டிரைவர் நாலு விரலைத் தூக்கினார்.

சைக்கிள் திரும்பி, அதன் வழியில் போனது. திரும்பிப் பார்க்கவே இல்லை. தாளில் போட்டிருந்தபடி.

லாரி விலகியது. டிரைவர் கியரைப் போட்டார். கண்ணாடியில் தெரிந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

"யாருக்கு சாமி கை காட்டினே?" கண்டக்டர் முன்னால் வந்தார். "எதிர்ல வண்டி ஒண்ணும் வரலையே?"

"வந்துச்சு."

"யாரு ஓட்டினது?"

அடுத்த நிறுத்தம் வந்தது. டிரைவர் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, ஆட்கள் ஏறத் தொடங்கிய பிறகு சொன்னார்:

"புது டிரைவர். நல்லா ஓட்டுறா."